நைனிதால் மலைப் பாதைகள்

மே மாதம் பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் இல்லங்களில் இரண்டு பேச்சுக்களே உண்டு. ஊருக்குப் போவது ஒன்று. ஊருக்கு டிக்கெட் கிடைக்காவிடில் எந்த மலைக்குப் போவது என்பது மற்றொன்று. சிம்லா, முசௌரி, நைனிதால் என்று மூன்று பெயர்கள் அடிபடும். இவற்றுள் பெரியதோர் இயற்கை ஏரியைத் தன் நடுவே கொண்டது நைனிதால் ஒன்றே. ஆதலால் பிள்ளைகளின் வாக்கு எப்போதும் அதற்கே. இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் காத்கோடாம். அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மலைச்சாலை. பிற்பகலுக்குள் ஏரியில் படகு விட்டாயிற்று. கயிற்றூர்தியில் ஒருமுறை மேலே போய் வந்தாயிற்று. மால் ரோடில் வண்ண மெழுகுவர்த்தியும் வாங்கியாயிற்று. மறுநாள் என்ன செய்வது என்று தெரியாமல் ஓட்டல் அறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருப்போரை நாம் கண்டதுண்டு.

நைனிதாலுக்கு நடப்பதற்கென்றே போகலாம் என்பது நம் கட்சி. காலையில் இட்டிலிப் பொட்டலத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடக்கூடிய நடைகள் அங்கே ஐந்தாறு உள்ளன. அவற்றை இங்கே கூறப் போகிறோம். ஆயினும் இது வழிகாட்டிப் புத்தகம் அன்று. அப்பாதைகள் எவ்வாறு உண்டாயின, அவற்றில் நமக்கு முன் நடந்தவர் யாவர் என்பதே நாம் சொல்ல விழைவது. ஏனெனில் இன்று உல்லாசமாக நடக்கும் அப்பாதைகளுட் பெரும்பாலானவை உல்லாசத்திற்கென்று பிறந்தவை அல்ல. யாரோ ஒருவருடைய சுமையைத் தலையிலும் தோளிலும் தாங்கி, வேறு யாரோ மிதித்து மிதித்து உண்டாக்கியவை அவை.

முதலில் இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். ஏரி கடல்மட்டத்திற்கு மேல் 1,938 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் அரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும். வடக்கே மிக உயர்ந்து நிற்பது நைனா சிகரம், 2,615 மீட்டர். கிழக்கே ஷேர்-கா-டாண்டா மலை. மேற்கிலும் தெற்கிலும் அயார்பாட்டா மலை. ஏரியின் மேல்தலைக்கு மல்லிதால் என்றும், கீழ்த்தலைக்குத் தல்லிதால் என்றும் பெயர். ‘தால்’ என்றால் ஏரி. ‘மல்லி’ மேல், ‘தல்லி’ கீழ். குமாவோன் மொழியில் இந்த மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் ஊரில் வழி தவறாது. தல்லிதால் முனையில்தான் ஏரிநீர் பலியா ஓடையாக வெளியேறுகிறது.

ஏரிக்கரையில் நைனா தேவியின் கோயில் உள்ளது. தாட்சாயணியின் கண் விழுந்த இடம் என்பது ஐதிகம். அத்ரி, புலஸ்தியர், புலகர் என்னும் முனிவர் மூவர் பெயரால் ‘திரிரிஷி சரோவரம்’ என்றும் இவ்வேரியை வழங்குவர். மலைமக்களுக்கு இது புண்ணியத் துறை. ஆண்டுக்கொருமுறை வந்து கூடிப் பிரிவார்களேயன்றி இங்கே குடியிருந்தாரில்லை. கூர்க்கர்களிடமிருந்து 1815-இல் குமாவோனைக் கைப்பற்றிய ஆங்கிலேயருள் டிரெய்ல் என்னும் கமிஷனர் 1823-இல் இவ்விடத்தைக் கண்டார். கண்டும் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார். மக்களின் பக்தியை மதித்தே அவ்வாறு செய்தார் என்று கூறுவர். அதிகாரிகளுள் இத்தகையோரும் இருந்தனர் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

வாய் திறந்தவர் பாரன் என்னும் வணிகர். ஷாஜகான்பூரில் சர்க்கரைத் தொழில் நடத்தியவர். மலை சுற்றுவதில் ஆசை மிக்கவர். 1841-இல் ஏரியைக் கண்டு மயங்கி, ஆக்ராவில் வெளிவந்த பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். பின்னர் ‘பில்கிரிம்’ என்னும் புனைபெயரில் 1844-இல் நூலாகவும் வெளியிட்டார். ‘பில்கிரிம்’ என்றால் யாத்திரிகன். அந்த யாத்திரிகர் வழி கண்டுபிடிக்கக் கையாண்ட உபாயத்தைக் கேளுங்கள். மலைவாசிகளுக்கு அந்தப் புனித ஏரியை அந்நியருக்குக் காட்ட மனமில்லை. “எங்களுக்குத் தெரியாது” என்று சாதித்தார்கள். பாரன், வழிகாட்டியின் தலையில் ஒரு பெருங்கல்லை ஏற்றி, நைனிதாலில் கல்லே கிடையாது, வீடு கட்ட வேண்டும், கீழே போடாமல் கொண்டுவா என்று கட்டளையிட்டாராம். மலையேற்றத்தில் கல் கனக்கக் கனக்க, அங்கே கல்லுக்கு ஒன்றும் பஞ்சமில்லை என்று அந்த மனிதன் தானே சொல்லிவிடுவான். இடம் தெரியும் என்பது வெளிப்பட்டுவிடும். பாரன் இதைப் பெருமையோடும் நகைச்சுவையோடும் எழுதி வைத்திருக்கிறார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நைனிதால் பாதையில் ஏற்றப்பட்ட முதற் சுமை, எவருக்கும் தேவைப்படாத அந்தக் கல்.

அடுத்து ஏறியது படகு. மறு ஆண்டு, 1842 டிசம்பரில், பாரன் மீண்டும் வந்தபோது மலைவழியே ஒரு படகு சுமந்து கொண்டுவரப்பட்டு ஏரியில் மிதக்கவிடப்பட்டது. நிலத்துக்கு உரிமை கொண்டாடிய நர்சிங் என்னும் ஊர்த்தலைவரை அதில் ஏற்றி நடு ஏரிக்குக் கொண்டுபோய், உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடாவிட்டால் தண்ணீரில் தள்ளிவிடுவதாக அச்சுறுத்தினார்கள். அவருக்கு நீந்தத் தெரியாது. பாரனின் குறிப்புப் புத்தகத்திலேயே கையெழுத்து வாங்கப்பட்டது. பிற்பாடு அவருக்குப் பட்வாரி உத்தியோகம் அளித்துச் சமாதானம் செய்தார்கள். ஒரு நகரத்தின் பத்திரப்பதிவு இவ்வாறு படகில் நடந்தேறியது. இன்று நம் பிள்ளைகள் அரைமணி நேரம் வாடகைப் படகில் செல்லும்போது இக்கதையை அவர்களுக்குச் சொல்லலாம்.

ஏரியைச் சுற்றி வருவதே முதல் நடை. சுமார் மூன்றரைக் கிலோமீட்டர், பாட்டிமாரும் நடக்கலாம். ஒரு கரையில் மேல், கீழ் என இரட்டை மால் சாலைகள். மேற்சாலை வெள்ளைக்காரர்களுக்கு, கீழ்ச்சாலை இந்தியருக்கும் குதிரைகளுக்கும் என்றிருந்த காலத்தை ஊரார் இன்றும் சொல்லுவர். அந்தக் கீழ்ச்சாலையின் ஒரு பகுதி 2018 ஆகஸ்டில் பெயர்ந்து ஏரிக்குள் விழுந்தது. எதிர்க்கரையில் ‘டண்டி சடக்’ என்னும் குளிர்ந்த சாலை. மரநிழலில் வண்டிச் சத்தமின்றிச் செல்வது. வழியில் பாஷாண தேவியின் சிறு கோயில், பாறையையே தெய்வமாகக் கொண்டது. நம்மூர்க் குன்றடி அம்மன்களை நினைத்துக்கொள்ளாமல் அதைக் கடக்க முடியாது.

இரண்டாவது நடை ஷேர்-கா-டாண்டா மலைமேல் 2,270 மீட்டரில் உள்ள ஸ்நோ வியூ என்னுமிடத்திற்கு. 1985 முதல் கயிற்றூர்தி ஓடுகிறபடியால் அங்கே நடந்து போவாரைக் காண்பது அரிது. மல்லிதாலிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் செங்குத்தான ஏற்றம். மேலே போனால், வானம் தெளிந்திருக்கும் நாளில், நந்தாதேவி, திரிசூலம் முதலிய பனிச்சிகரங்கள் வரிசையாக நிற்கும். எல்லாரும் அவற்றையே பார்த்துவிட்டு வருகிறார்கள். நாம் வேண்டுவது, ஏறும்போது பாதங்களின் பக்கத்திலும் சற்றுப் பார்வையைச் செலுத்த வேண்டும் என்பதே. சரிவுகளின் குறுக்கே கல் பாவிய வடிகால்கள் ஓடுவதைக் காண்பீர்கள். அவற்றின் கதை இது.

நைனிதால் நகரம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் மடமடவென்று வளர்ந்தது. 1862 முதல் மாகாண அரசின் கோடைத் தலைநகராகவும் ஆயிற்று. மாளிகை, ஓட்டல், சங்கக் கட்டடம் என்று சரிவெங்கும் மரத்தை வெட்டி மண்ணைத் தோண்டினார்கள். மலை எச்சரிக்காமல் இல்லை. 1866-இலும் 1879-இலும் ஆல்மா குன்றில் மண் சரிந்தது. 1880 செப்டம்பர் 16, வியாழக்கிழமை, மழை பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. 18-ஆம் தேதி சனிக்கிழமை காலை விக்டோரியா ஓட்டலின் பின்புறம் சரிந்து சிலரைப் புதைத்தது. அவர்களை மீட்கச் சிப்பாய்களும் அதிகாரிகளும் கூலியாட்களும் கூடி மண்ணை அகற்றிக்கொண்டிருந்தார்கள். நண்பகலுக்குப் பின், அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த அதே இடத்தில், மலைச்சரிவு முழுவதும் கழன்று இறங்கியது. ஓட்டலும், அதன் கீழிருந்த கடையும், ஏரிக்கரைச் சங்கக் கட்டடமும், நைனா தேவி கோயிலும் சில கணங்களில் இல்லாமற் போயின. மாண்டவர் 151 பேர். அவருள் இந்தியர் 108, ஏனையோர் 43. பிறரை மீட்கப் போய் மடிந்தவர்கள் அவருட் பலர். கோயிலை 1883-இல் மீண்டும் எடுப்பித்தார்கள். இன்று பிள்ளைகள் பந்து விளையாடும் ‘பிளாட்ஸ்’ என்னும் மைதானம், அன்று சரிந்த மண்ணால் விரிந்தது. அங்கே நின்று வேர்க்கடலை தின்னும் நம்மவருட் பலர் இதை அறியார்.

அதன் பின்னரே அரசினருக்கு மலையின் இயல்பு விளங்கியது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி ஊறாதபடி உடனுக்குடன் ஏரியில் கொண்டு சேர்க்கும் வடிகால்கள் மலையெங்கும் கட்டப்பட்டன. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரையறுத்தார்கள். 1927-இல் மலைச்சரிவுப் பாதுகாப்புக்கென்றே ஒரு குழுவும் அமைந்தது. நூறாண்டுகளுக்கும் மேலாக அந்நகரம் நிற்பது இந்த வடிகால்களால்தான். ஆனால் அவற்றின்மேல் கட்டடம் எழுப்புவோரும், குப்பை கொட்டுவோரும் இன்று உண்டு. நாம் தின்றுவிட்டு எறியும் பிஸ்கட் உறையும் அதில் போய் அடைத்துக்கொள்ளத்தான் செய்யும். ஸ்நோ வியூ பாதையில் நடப்பவர் வடிகால் ஒன்று சுத்தமாக இருக்கக் கண்டால், பனிமலையைக் கண்டதற்கு ஈடாக மகிழலாம்.

மூன்றாவது நடை அயார்பாட்டா மலைமேல். 1875-இல் நைனிதாலில் பிறந்த ஜிம் கார்பெட்டின் குடும்பம் 1880 சரிவுக்குப் பின் இந்தப் பக்கம் வந்து குடியேறியது. அவர்கள் வாழ்ந்த கர்னி ஹவுஸ் இம்மலையில் இன்றும் உள்ளது. கார்பெட்டை ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவராக உலகம் அறியும். மொகாமா படித்துறையில் ரயில் சரக்குகளை ஏற்றியிறக்கும் கூலியாட்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தக்காரராக அவர் உழைத்ததைச் சிலரே அறிவர். சுமை தூக்குவோரைப் பற்றி அன்போடு எழுதிய வெள்ளையருள் அவரும் ஒருவர். 1947-இல் வீட்டை விற்றுவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டார்.

மல்லிதாலிலிருந்து இம்மலையில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் ஏறினால் 2,292 மீட்டரில் டிபின் டாப் என்னும் உச்சி வரும். பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: துரைமார் டிபின் சாப்பிட ஏறிய இடம். டிபின் கூடையை அவர்கள் தாமே தூக்கியிருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்க. அங்கே, 1936-இல் கப்பற் பயணத்தில் இறந்துபோன டோரதி கெல்லட் என்னும் ஓவியப் பெண்மணியின் நினைவாக அவர் கணவர் அமைத்த கல்மேடை ஒன்று இருந்தது. ‘டோரதி சீட்’ என்று அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளாத பயணி இல்லை. பல ஆண்டுகளாக அடியில் வெடிப்பு விட்டிருந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு மழையிரவில் அம்மேடை பாறையோடு சரிந்து போயிற்று. பழைய ஆல்பங்களில் அப்படத்தை வைத்திருப்பவர்கள் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும். இப்போது அவ்வழி செல்ல விரும்புவோர், எதுவரை அனுமதி உண்டு என்று ஊரில் விசாரித்துக்கொண்டு செல்வது நலம். அதே மலையின் மற்றொரு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை சென்றால் கீழே குர்ப்பாதால் ஏரியும் படிப்படியான வயல்களும் பச்சைப் பாய் விரித்தாற்போல் தெரியும்.

அப்பக்கம் போகிறவர்கள் சூகாதால் என்னும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். ‘உலர்ந்த ஏரி’ என்று பொருள். மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும். ஏனைய நாட்களில் வெறுந்தரை. பார்க்க ஒன்றுமில்லை என்று கடந்து போவார்கள். ஆனால் அங்கே தேங்கும் நீர் நிலத்தடியாக ஊர்ந்து நைனி ஏரிக்கு ஊற்றாகிறது என்று நிலவியலார் கண்டுள்ளனர். அதில் மண்ணைக் கொட்டி வீடு கட்டினால் எங்கே குறையும் என்று சொல்லவும் வேண்டுமோ! 2017 கோடையில் ஏரியின் நீர் வெகுவாக இறங்கி, கரையோரங்களில் வண்டல் திட்டுக்கள் வெளியே தெரிந்தன. தஞ்சை, மதுரைப் பக்கத்துக் குளங்களின் வரத்து வாய்க்கால்களை அறிந்த நமக்கு இது புதிய பாடம் அன்று.

நான்காவது நடை நைனா சிகரம். நகரிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர். கில்பரி சாலை வழியே சென்று காட்டுப்பாதையில் திரும்பி ஏறவேண்டும். ஓக் மரங்களும், வசந்தத்தில் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் புரான்ஸ் மரங்களும் நிறைந்த காடு. மூச்சு வாங்கும். நம்மோடு வரும் பெரியவர்கள் பாதி வழியில் அமர்ந்துவிடுவதில் குற்றமில்லை. இந்த ஏற்றத்தில் ஒரு தோள்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கையில்தான் குமாவோன் மக்களின் பேகார் வரலாறு நமக்கு உண்மையாகப் புரியும்.

அக்காலத்தில் துரைமார் இம்மலைகளில் நடந்து போகவில்லை. போனாலும் வெறுங்கையோடு போனார்கள். 1884-இல் ரயில் மலையடிவாரத்தை எட்டிய பின்னும், மேலே ஏறியவை எல்லாம் ஆள்மேலும் குதிரைமேலும்தான். ‘டாண்டி’ என்னும் தூக்கு நாற்காலியில் மனிதரை மனிதர் சுமந்தனர். காசுக்குச் சுமப்பதில் இழிவில்லை. ஆனால் அதிகாரிகள் சுற்றுப்பயணம் புறப்பட்டால், வழியிலுள்ள ஊர்க்காரர் முறை வைத்துக் கட்டாயமாகச் சுமை தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. கூலியின்றிச் சுமப்பது பேகார். பெயரளவுக்குக் கூலி கொடுத்துக் கட்டாயப்படுத்துவது உதார். அவர்களுக்குப் பால், அரிசி, விறகு முதலியன கொடுப்பது பர்தாயிஷ். எந்தக் குடும்பத்தின் முறை எப்போது என்பதை எழுதி வைத்த பதிவேடு ஊர்த்தலைவரிடம் இருந்தது. விதைப்பு நாளானாலும் அறுவடை நாளானாலும் முறை வந்தால் போகவேண்டியதே. கூடாரம், கட்டில், நாற்காலி, நாய்க்கூண்டு யாவும் அவன் முதுகில் ஏறும்.

அல்மோராவுக்கு வடக்கே, சரயு நதியும் கோமதியும் கூடும் துறையில் பாகேஷ்வர் என்னும் ஊர் உள்ளது. மகர சங்கராந்தியில் அங்கே உத்தராயணித் திருவிழா கூடும். நமக்குப் பொங்கல் நாள். 1921 ஜனவரியில் அவ்விழாவுக்கு வந்த பெருங்கூட்டத்தின் முன், அல்மோராவின் ‘சக்தி’ பத்திரிகையாசிரியர் பத்ரிதத் பாண்டே, ஹர்கோவிந்த பந்த், சிரஞ்சிலால் முதலியோர் பேசினார்கள். இனிப் பேகார் சுமப்பதில்லை என்று மக்கள் ஆற்றுநீரைக் கையில் எடுத்து உறுதி பூண்டார்கள். ஊர்த்தலைவர்கள் தாம் கொண்டுவந்திருந்த பதிவேடுகளைச் சரயுவில் எறிந்தார்கள். அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், குண்டு பாயவில்லை, ஒரு உயிரும் போகவில்லை. அவ்வாண்டிலேயே அரசு அவ்வழக்கத்தைக் கைவிட்டது. நம் நாட்டு விடுதலை வரலாற்றில் உப்பையும் நூலையும் அறிந்த அளவுக்கு இந்தச் சுமையை நாம் அறியவில்லை. பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் தகும்.

சிகரத்தின் மேலிருந்து முழு ஏரியும் ஒரு கண்ணின் வடிவில் காணப்படும். பெயர்க்காரணம் ஐதிகமோ கண்கூடோ என்று பிள்ளைகளுக்குள் வழக்காடவிட்டு, பெரியவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம்.

ஏரிகளையே விரும்புவோர்க்கு ஐந்தாவதாகக் கீழே பீம்தால் பக்கம் ஒரு நாள் உண்டு. நைனிதாலிலிருந்து 22 கிலோமீட்டர் வண்டியில் போய், அங்கிருந்து நடக்கலாம். பீம்தால் நடுவே தீவுடையது. அதன் ஒரு முனையில் 1883-இல் கட்டிய கல்லணை உண்டு. நௌகுச்சியாதால் ஒன்பது மூலைகள் கொண்டது. ஒன்பதையும் ஒரே இடத்திலிருந்து கண்டவனுக்கு மோட்சம் என்பார்கள், ஆதலால் எவரும் கண்டதில்லை. சாத்தால் காட்டுக்குள் பல சிறு ஏரிகளின் கூட்டம். பறவை பார்ப்போர் விரும்பும் இடம். அமைதி வேண்டுவோர்க்கு நைனிதாலைவிட ஏற்றது.

கடைசியாக ஒன்று, தமிழர்க்கென்றே சொல்லத்தக்கது. தல்லிதாலிலிருந்து ஹனுமான்கடி வழியாக மனோரா சிகரத்திற்குச் செல்லும் நடை. அங்கே வானாராய்ச்சி நிலையம் உள்ளது. 1954-இல் காசியில் தொடங்கி, மறு ஆண்டே நைனிதாலுக்கு மாற்றப்பட்டு, 1961-இல் இச்சிகரத்தில் நிலைபெற்றது. தொடக்க ஆண்டுகளில் அதனை உருவாக்கி நடத்தியவர் சென்னையில் 1927-இல் பிறந்த வைணு பாப்பு. 1960-இல் அவர் இங்கிருந்து கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் தலைமைக்குச் சென்றார். ஓர் ஏரி மலையை விட்டு மற்றோர் ஏரி மலைக்கு. ஜவ்வாது மலையில் காவலூர் நிலையத்தை அவரே நிறுவினார். அவர் மறைந்த பின் 1986-இல் அங்கே இயங்கத் தொடங்கிய பெருந்தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கியுள்ளது. ஹனுமான்கடியில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். நிலையத்தைப் பார்க்க விரும்புவோர் அதற்குரிய நாளையும் நேரத்தையும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது போவது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இந்நடைகள் எதனையும் மேற்கொள்ளலாகாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டோம். மே, ஜூனில் கூட்டமும் மூடுபனியும் மிகுதி; பனிமலைகள் முகம் காட்டா. அக்டோபர், நவம்பரில் மழை கழுவிய வானம் கண்ணாடிபோல் இருக்கும். தசரா விடுமுறையில் கொலுப்படி கலைத்த மறுநாள் புறப்பட்டால் சரியாக இருக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பும், ஒரு கம்பளிச் சட்டையும், மூட்டுவலிக்காரர்க்கு ஒரு கைத்தடியும் போதும். மூட்டை முடிச்சு குறைவாக இருக்கட்டும். அதைத் தூக்க வேண்டியவர் நாமே.